பதினாறு ஆண்டுகள் காத்திருந்த விண்வெளி வீரர்

சந்திரனில் முதன்முதலாகக் கால் பதித்த மனிதர் யார் என்று வகுப்பில் கேட்டால், கேள்வி முடியும் முன்னரே பல கைகள் உயர்ந்துவிடும். நீல் ஆம்ஸ்ட்ராங் என்னும் பெயரை இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால், அந்த ஆம்ஸ்ட்ராங்கை அப்பயணத்திற்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் யார் என்று கேட்டால் ஒரு கையும் உயர்வதில்லை. ஆசிரியர்களாகிய எங்களுள்ளும் பலர் அதனை அறிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் பெயர் டீக் ஸ்லேட்டன். போர்விமானியாக இருந்து, அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களுள் ஒருவராகத் தேர்வு பெற்றவர் அவர். ஆயினும், மற்ற அறுவரும் ஒருவர்பின் ஒருவராக விண்ணில் பறந்து சென்று புகழ் மாலை சூடியபோது, இவர் மட்டும் தரையிலேயே நின்றார். அவ்வாறு நின்றது ஓராண்டன்று, ஈராண்டன்று, பதினாறு ஆண்டுகள்! அவருடைய வரலாற்றையே இம்மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்லேட்டனின் முழுப்பெயர் டொனால்டு கென்ட் ஸ்லேட்டன் என்பதாகும். அவர் 1924ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் உழவர் குடும்பம். விடியற்காலையில் எழுந்து பண்ணை வேலைக்குக் கைகொடுத்துவிட்டுப் பின்னர்ப் பள்ளிக்குச் செல்வது அந்நாளில் உழவர் வீட்டுப் பிள்ளைகளின் வழக்கம். இருள் பிரியும் முன் பெற்றோருடன் பால்காட்டுக்குச் சென்று, மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்த நம் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஸ்லேட்டனுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு விபத்து நேர்ந்தது. குதிரைகள் இழுத்துச் செல்லும் புல்வெட்டும் பொறியில் அவருடைய இடக்கை சிக்கியது. மோதிர விரல் துண்டாயிற்று. அவ்விரல் இல்லாமலேயே அவர் வளர்ந்தார்.

1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான், அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. நம் பெரியோர்கள் "ஜப்பான்காரன் காலம்" என்று இன்றும் பெருமூச்சுடன் பேசுவது அதே போரின் காலத்தைத்தான். அடுத்த ஆண்டு, பதினெட்டு வயது நிரம்பிய ஸ்லேட்டன் இராணுவத்தின் விமானப் பிரிவில் பயிற்சி பெற முன்வந்தார். ஒரு விரல் இல்லாதவனை விமானம் ஓட்ட விடுவார்களா என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. ஆனால், இடக்கை மோதிர விரல் இல்லாமை விமானம் ஓட்டுவதற்குத் தடையன்று என்று விதி இடங்கொடுத்தது. வேறொரு விரலாக இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லாமற் போயிருக்கும்.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பத்தொன்பதாம் வயதில், அவர் விமானியாகத் தேறினார். பி-25 என்னும் குண்டுவீச்சு விமானத்தில் ஐரோப்பியப் போர்முனையில் 56 முறை பறந்தார். 1945இல் ஒக்கினாவாத் தீவிலிருந்து ஜப்பானின்மீது 7 முறை பறந்தார். கீழிருந்து சுடும் பீரங்கிகளின் குண்டுகள் நாற்புறமும் வெடித்துச் சிதற, வழி தவறாமல் நேர்கோட்டில் விமானத்தைச் செலுத்துவது எத்துணைக் கடினம்! குண்டு விழும் இடத்தில் வாழ்ந்தோரின் துயரமோ அதனினும் பெரிது. போரைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

போர் முடிந்தபின் ஸ்லேட்டன் மீண்டும் மாணவரானார். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பயின்று 1949இல் பட்டம் பெற்றார். சியாட்டில் நகரில் போயிங் விமான நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணிபுரிந்தார். கொரியப் போர் மூண்டபோது, 1951இல், வான்படை அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. ஜெர்மனியில் சில ஆண்டுகள் ஜெட் போர்விமானம் ஓட்டினார். பின்னர் 1955இல் கலிபோர்னியாப் பாலைவனத்திலுள்ள எட்வர்ட்ஸ் வான்படைத் தளத்திற்குச் சென்று சோதனை விமானியாகும் பயிற்சியில் சேர்ந்தார்.

சோதனை விமானி என்பவர் யார் என்பதை இங்கே விளக்குதல் தகும். தொழிற்சாலையிலிருந்து ஒரு புதிய விமானம் வெளிவருகிறது. அது எவ்வளவு வேகம் தாங்கும், எவ்வளவு உயரம் ஏறும், எந்த நிலையில் விமானியின் கைக்கு அடங்காமற் போகும் என்பதையெல்லாம் எவரேனும் ஒருவர் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கணக்குப் போட்டுப் பார்ப்பது ஒன்று. வானில் கண்டறிவது மற்றொன்று. அவ்வாறு முதலில் ஏறிச் சென்று, இறங்கி வந்து, "இங்கே இந்தக் குறை இருக்கிறது" என்று பொறியியலாளரிடம் தெளிவாக எடுத்துரைப்பவரே சோதனை விமானி. இதற்குத் துணிவு மட்டும் போதாது. பதற்றமில்லாத மனமும், கண்டதைக் கண்டவாறு கூறும் நேர்மையும், பொறியியல் அறிவும் வேண்டும். அவ்விடத்தில் டொனால்டு என்னும் பெயருடைய விமானி இன்னொருவரும் இருந்தமையால், இவரைப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு "டி. கே." என்று அழைத்தார்கள். அதுவே நாளடைவில் "டீக்" ஆயிற்று.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை ஏவி உலகை வியக்க வைத்தது. மறு ஆண்டு அமெரிக்கா நாசா என்னும் விண்வெளி ஆய்வுக் கழகத்தைத் தொடங்கி, மனிதனை விண்ணுக்கு அனுப்பும் மெர்க்குரித் திட்டத்தை வகுத்தது. யாரை அனுப்புவது? சோதனை விமானிகளையே தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. 508 படை விமானிகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். தகுதியுடையோராக 110 பேர் தேறினர். அவர்களுள் 32 பேர் கடுமையான மருத்துவச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். இறுதியில் எஞ்சியோர் எழுவர். 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் வாஷிங்டன் நகரில் அவர்களுடைய பெயர்கள் அறிவிக்கப்பட்டன. எழுவருள் ஒருவர் ஸ்லேட்டன்.

அத்துணை மருத்துவர்களும் சோதித்துத் தேற்றிய உடம்பில் ஒரு குறை மறைந்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அது வெளிப்பட்டது.

விண்கலம் மேலே எழும்பும்போது வீரரின் உடல்மீது பெரும் அழுத்தம் ஏற்படும். அதனைத் தாங்கப் பழக்குவதற்காக, நீண்ட இரும்புக் கை ஒன்றின் முனையில் சிறு கூண்டை அமைத்து, அதற்குள் வீரரை அமர்த்தி, வேகமாகச் சுழற்றுவார்கள். நம் ஊர்த் திருவிழா இராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பன்மடங்கு வேகம். சுழற்றுவதற்கு முன் இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் கருவியைப் பொருத்துவது வழக்கம். அன்று ஸ்லேட்டனுக்கு அக்கருவி வரைந்த கோடுகள் ஒழுங்காக இல்லை.

இப்பொழுது உங்கள் மணிக்கட்டில் மற்றொரு கையின் விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். நாடி தாளந் தவறாமல் துடிப்பதை உணர்வீர்கள். நம் இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலறைகள் இரண்டும் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளும். கீழறைகள் சுருங்கி அதனை நுரையீரலுக்கும் உடல் முழுமைக்கும் அனுப்பும். இந்த ஒழுங்கை ஏற்படுத்துவது இதயத்திலேயே பிறக்கும் மெல்லிய மின்துடிப்பாகும். சிலருக்கு மேலறைகள் ஒருசேரச் சுருங்காமல், காற்றில் ஆடும் இலைபோல் நடுங்கத் தொடங்கிவிடும். உடனே நாடியின் தாளம் தப்பிவிடும். ஸ்லேட்டனுக்கு இருந்த குறை இதுவே. அவ்வப்போது வரும், ஓரிரு நாள் இருக்கும், தானே மறைந்துவிடும். இதற்கு ஒரு காரணமும் மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. அவருக்கோ வலியும் இல்லை, களைப்பும் இல்லை. வழக்கம்போல் பயிற்சி செய்தார், விமானமும் ஓட்டினார்.

1961இல் ஆலன் ஷெப்பர்டும், அவருக்குப் பின் கிரிசமும் விண்ணிற்குச் சென்று மீண்டனர். 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் ஜான் கிளென் பூமியை மூன்று முறை வலம் வந்தார். நான்காவது முறை ஸ்லேட்டனுடையது. தம் கலத்திற்கு "டெல்டா 7" என்று பெயரும் வைத்துவிட்டார். டெல்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கில் நான்காம் எழுத்து. நான்காம் பயணத்திற்குப் பொருத்தமான பெயர்தானே! பயணத்திற்கு இன்னும் இரண்டு திங்களே இருந்த நிலையில், மார்ச்சு 15ஆம் நாள், அவர் பறக்கக்கூடாது என்னும் அறிவிப்பு வெளிவந்தது. மே 24ஆம் நாள் அவருடைய இடத்தில் ஸ்காட் கார்ப்பென்டர் பறந்தார். கலத்தின் பெயரும் "அரோரா 7" என்று மாறியது.

இது நீதிதானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவரைச் சோதித்த இதயநோய் வல்லுநர்கள், இக்குறையால் பயணத்திற்கு இடையூறு வரும் என்று உறுதியாகக் கூறவில்லை. வராது என்றும் உறுதி கூறவில்லை. இக்குறை இல்லாத வீரர்கள் இருக்கும்போது அவர்களுள் ஒருவரை அனுப்புவதே நன்று என்பது அவர்கள் கருத்து. மருத்துவரின் இடத்தில் நின்று பார்த்தால் அது முறையாகவே தோன்றுகிறது. விண்ணில் ஒருவருக்கு நாடி தளர்ந்தால் ஓடிச்சென்று உதவ அங்கே யார் இருக்கிறார்கள்? ஆனால், ஸ்லேட்டனின் இடத்தில் நின்று பார்த்தால்? மூன்றாண்டுகள் பாடுபட்டவர் அவர். செய்த பிழை ஒன்றுமில்லை. பிழை செய்து வாய்ப்பை இழந்தவனுக்குத் திருந்துவதற்கேனும் வழியுண்டு. பிழையே செய்யாதவன் எதைத் திருத்திக்கொள்வான்? அவருக்குச் சினம் மிகுதியாக இருந்தது என்பதை அவரே மறைக்கவில்லை. விமானத்தைத் தனியே ஓட்டவும் தடை வந்தது. உடன் மற்றொரு விமானி இருந்தால்தான் ஓட்டலாம். முப்பத்தெட்டு வயதில், அறுபதுக்கும் மேற்பட்ட போர்ப் பயணங்கள் கண்ட ஒருவருக்கு அது எத்தகைய சிறுமை!

அவர் விலகிப் போயிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அந்நேரத்தில், விண்வெளி வீரர்களுக்குத் தலைவர் ஒருவரை அமர்த்தும் தேவை ஏற்பட்டது. வெளியிலிருந்து எவரோ ஒருவர் வந்து தங்களை ஆள்வதைவிட, தங்களுள் ஒருவரே தலைவராக வேண்டும் என்று மற்ற அறுவரும் விரும்பினர். அவர்கள் முன்மொழிந்த பெயர் டீக் ஸ்லேட்டன். அவர் பொறுப்பை ஏற்றார். 1963 நவம்பரில் வான்படைப் பதவியை விட்டு விலகி, நாசாவின் முழுநேரப் பணியாளரானார். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்சியளிப்பதும், எந்தப் பயணத்தில் எவர் செல்வது என்று வகுப்பதும் அவருடைய கையில் வந்தன. ஜெமினிப் பயணங்கள், அப்பல்லோப் பயணங்கள் அனைத்திற்கும் குழுவினரைப் பெயர் குறித்து முன்மொழிந்தவர் அவரே.

சென்ற ஆண்டு விளையாட்டுப் போட்டிக்காக அஞ்சல் ஓட்டக் குழுவைத் தேர்ந்தெடுத்தபோது, இடம் கிடைக்காத மாணவன் ஒருவன் இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. நால்வரைத் தேர்ந்தெடுத்த எனக்கே அத்துணைச் சங்கடம்! தாம் செல்ல முடியாத இடத்திற்கு யார் செல்ல வேண்டும் என்று பத்தாண்டுகளாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மனிதரின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும்?

அவர் ஒரு முறையைக் கடைப்பிடித்தார். ஒவ்வொரு பயணத்திற்கும் முதன்மைக் குழு ஒன்றும், அவர்களுள் எவரேனும் நோயுற்றால் இடத்தை நிரப்ப மாற்றுக் குழு ஒன்றும் உண்டு. ஒரு பயணத்தில் மாற்றுக் குழுவாக இருந்தவர்கள் அடுத்த இரு பயணங்களை விட்டு, மூன்றாவது பயணத்தில் முதன்மைக் குழுவாவர். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் அப்பல்லோ 8இன் மாற்றுக் குழுவில் இருந்தார்கள். ஆதலால் அப்பல்லோ 11 அவர்களுடையதாயிற்று. அக்குழுவை அமைத்த நாளில், சந்திரனில் முதலில் இறங்கப்போவது அப்பல்லோ 11தான் என்று எவராலும் உறுதியாகக் கூற முடியாத நிலை இருந்தது. இடையிலுள்ள பயணங்களில் ஒன்று தவறியிருந்தால், அவ்வாய்ப்பு வேறொரு குழுவுக்குப் போயிருக்கும். முதலிடம் ஆம்ஸ்ட்ராங்குக்கு முறைப்படி வந்தது. எவருடைய சலுகையாலும் வந்ததன்று. அக்குழுவின் மூன்றாமவர் மைக்கேல் காலின்ஸ். அவர் கழுத்தருகே முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததால் அப்பல்லோ 8 பயணத்தை இழந்தவர். அவர் நலம் பெற்றுத் திரும்பியதும் அப்பல்லோ 11இல் இடந்தந்தார் ஸ்லேட்டன். உடல்நலக் குறைவால் வாய்ப்பை இழப்பது இன்னதென்று அறிந்தவர் அல்லவா!

அவர் அனுப்பிய எல்லாரும் திரும்பி வந்துவிட்டனர் என்று எழுத இயலவில்லை. 1967ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், முதல் அப்பல்லோக் கலத்தில் கிரிசம், ஒயிட், சாஃபி என்னும் மூவரும் ஏவுதளத்திலேயே ஒத்திகை செய்துகொண்டிருந்தார்கள். கலத்தினுள் தூய பிராணவாயு நிரப்பப்பட்டிருந்தது. எங்கோ ஒரு மின்பொறி தோன்ற, நொடிப்பொழுதில் தீ பரவியது. கதவு உட்புறமாகத் திறப்பது. உள்ளே அழுத்தம் மிகுந்ததால் அதைத் திறக்க முடியவில்லை. மூவரும் உயிரிழந்தனர். அன்று ஏவுதளக் கட்டுப்பாட்டு அறையில் ஸ்லேட்டன் இருந்தார். கிரிசம் அவருடைய முதல் எழுவருள் ஒருவர், நெருங்கிய நண்பர்.

விண்ணிற்குச் சென்று வந்த அமெரிக்க வீரர்கள் சட்டையில் பொன்னாலான சிறு சின்னம் அணிவர். செல்லாதவர்களுக்கு வெள்ளிச் சின்னம். ஸ்லேட்டனுக்குப் பொன் சின்னம் கிட்டப்போவதில்லை என்று எண்ணிய அம்மூவரும், வைரம் பதித்த சின்னம் ஒன்றைச் செய்வித்து, தங்களுடன் விண்ணிற்குக் கொண்டு சென்று வந்து அவருக்கு அளிக்கத் திட்டமிட்டிருந்தனர். தீவிபத்துக்குப் பின் அவர்களுடைய மனைவியர் அதனை ஸ்லேட்டனிடம் ஒப்படைத்தனர். 1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அச்சின்னத்தை ஆம்ஸ்ட்ராங் சந்திரனுக்குக் கொண்டு சென்று மீண்டும் அவரிடம் சேர்த்தார்.

இவற்றுக்கிடையே ஸ்லேட்டன் தம் உடலைப் பேணுவதைக் கைவிடவில்லை. புகைப்பதை விட்டார். நாள்தோறும் ஓடினார். அவரைப் போலவே காதுநோயால் தடுக்கப்பட்டிருந்த ஆலன் ஷெப்பர்டு, அறுவை சிகிச்சையால் நலம் பெற்று 1971இல் சந்திரனுக்கே சென்று வந்தார். அவரை அப்பல்லோ 14இன் தலைவராக்கி அனுப்பியவரும் ஸ்லேட்டன்தான். இந்நிலையில் தம் நாடியின் தடுமாற்றம் வருவதே நின்றுவிட்டதை ஸ்லேட்டன் உணர்ந்தார். புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையில் முழுமையான சோதனை செய்துகொண்டார். இதயத்தில் நோயில்லை என்று முடிவு வந்தது. 1972ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தடை விதித்துச் சரியாகப் பத்தாண்டுகள் கழிந்தபின், அவர் மீண்டும் பறக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது.

ஆனால், பறப்பதற்குப் பயணங்கள் எங்கே? அவ்வாண்டு டிசம்பருடன் சந்திரப் பயணங்கள் முடிவுற்றன. எஞ்சியிருந்தது ஒரே ஒரு புதிய திட்டம். 1972 மே திங்களில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் மாஸ்கோவில் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. பனிப்போரில் எதிரெதிராக நின்ற அவ்விரு நாடுகளின் கலங்கள், அப்பல்லோவும் சோயூசும், விண்ணில் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பது அதன் நோக்கம். தாமஸ் ஸ்டாஃபோர்டு தலைவர். வான்ஸ் பிராண்டும் டீக் ஸ்லேட்டனும் உடன் செல்வோர் என்று முடிவாயிற்று. பிறருக்குத் தலைவராக இருந்தவர் இப்போது மற்றொருவரின் தலைமையில் பணியாற்ற வேண்டும். ஸ்டாஃபோர்டையே முன்பு வேலைக்கு அமர்த்தியவர் ஸ்லேட்டன்! அவர் அதற்காகச் சிறிதும் தயங்கவில்லை.

ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில் அவர் உருசிய மொழி கற்கத் தொடங்கினார். அமெரிக்கர் உருசிய மொழியிலும், உருசியர் ஆங்கிலத்திலும் பேசுவது என்பது ஏற்பாடு. பிறர் மொழியில் பேசும்போது மனிதன் நிதானமாகவும் எளிமையாகவும் பேசுவான். கேட்பவனுக்கும் எளிதில் விளங்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கற்பது ஸ்லேட்டனுக்கு எளிதாக இருக்கவில்லை. இருந்தும் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள பயிற்சி நகருக்குச் சென்று, தம்மினும் இளையவர்களோடு அமர்ந்து பாடம் படித்தார்.

இரு கலங்களை இணைப்பது இரு இரயில் பெட்டிகளைக் கோத்துவிடுவது போன்றதன்று. சோயூசினுள் நாம் சுவாசிப்பது போன்ற காற்று இருந்தது. அப்பல்லோவில் தூய பிராணவாயு, நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் இருந்தது. சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழ்கள் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மிகுந்த அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்திற்கு மனிதன் திடீரென்று வந்தால், அவனுடைய இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன் அவ்வாறே குமிழ்களாகிவிடும். அது உயிருக்கே கேடு. ஆகவே இரண்டுக்கும் இடையில் இணைப்பு அறை ஒன்றைக் கட்டினார்கள். ஒரு பக்கக் கதவை மூடிக்கொண்டு, காற்றின் அழுத்தத்தை மெல்ல மாற்றி, பின்னரே மறுபக்கக் கதவைத் திறக்க வேண்டும். இவ்வறையைக் கவனிக்கும் பொறுப்பு ஸ்லேட்டனுடையது.

1975ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அலெக்சி லியோனவும் குபாசவும் சோயூசில் புறப்பட்டனர். ஏழரை மணி நேரத்திற்குப்பின் அப்பல்லோ எழுந்தது. தேர்வு பெற்ற நாளிலிருந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 51ஆம் வயதில், டீக் ஸ்லேட்டன் விண்ணில் இருந்தார். அதுவரை அத்துணை வயதில் எவரும் விண்வெளிக்குச் சென்றதில்லை.

ஜூலை 17ஆம் நாள் கலங்கள் இணைந்தன. கதவு திறந்தது. ஸ்டாஃபோர்டும் லியோனவும் கைகுலுக்கிக்கொண்டதை உலகம் தொலைக்காட்சியில் கண்டது. லியோனவும் வான்படை விமானியே. 1965இல் முதன்முதலாக விண்வெளியில் கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்தவர் அவர். ஸ்லேட்டனும் ஸ்டாஃபோர்டும் சோயூசுக்குள் விருந்துக்குச் சென்றபோது, லியோனவ் வோட்கா மதுவின் பெயர் ஒட்டிய குழாய்களை எடுத்து நீட்டினாராம். விருந்தினர் தயங்கினர். பிதுக்கிப் பார்த்தால் உள்ளே இருந்தது பீட்ரூட் சூப்! முப்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பகையை, ஒரு குழாய் சூப் சிறிது நேரம் மறக்கடித்தது.

ஜூலை 19ஆம் நாள் கலங்கள் பிரிந்து, ஒத்திகைக்காக மறுபடியும் இணைந்தன. அம்முறை அப்பல்லோவைச் செலுத்தியவர் ஸ்லேட்டன். சூரிய ஒளி கண்ணைக் கூசச்செய்து, எதிரிலிருந்த குறியை மறைத்தது. ஆயினும் இணைத்து முடித்தார். இணைந்தபோது சற்று அதிர்வு மிகுந்திருந்தது என்று பின்னர்ப் பேசிக்கொண்டார்கள். நான்கு விரல்களே உள்ள இடக்கையோடு விமானம் கற்ற பையன், பூமிக்கு மேலே விண்கலத்தை ஓட்டிவிட்டான்.

ஜூலை 24ஆம் நாள் திரும்பும்போது ஓர் இடர் நேர்ந்தது. பாராசூட்டில் இறங்கும் நேரத்தில் இயக்க வேண்டிய விசை உரிய கணத்தில் இயக்கப்படாமையால், கலத்தின் சிறு உந்துபொறிகளிலிருந்து வெளியேறிய மஞ்சள் நிற நச்சுவாயு, வெளிக்காற்றோடு உள்ளே இழுக்கப்பட்டது. மூவருக்கும் மூச்சுத் திணறியது. கலமோ கடலில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. பிராண்டு நினைவிழந்தார். ஸ்டாஃபோர்டு விரைந்து சுவாச முகமூடிகளை எடுத்துக் கொடுத்து மற்ற இருவரையும் காப்பாற்றினார். மூவரும் ஹோனோலூலு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அங்கே எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஸ்லேட்டனின் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. புற்றுநோயோ என்று அஞ்சி அறுவை சிகிச்சை செய்தார்கள். தீங்கற்ற கட்டி என்று தெரியவந்தது. வியப்பு என்னவெனில், பயணத்திற்கு முன் எடுத்த படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அதிலும் அப்புள்ளி இருந்தது! அன்று எவருடைய கண்ணிலும் அது படவில்லை. பட்டிருந்தால் அவர் மறுபடியும் தரையிலேயே நின்றிருப்பார். ஒருமுறை மருத்துவர்களின் கூர்மையான பார்வையால் வாய்ப்பை இழந்தவர், மறுமுறை அவர்கள் பார்க்கத் தவறியதால் அதனைப் பெற்றார்.

அதன்பின் அவர் விண்ணிற்குச் செல்லவில்லை. 1977இல் விண்ணோடத்தைத் தரையிறக்கும் சோதனைகளை முன்னின்று நடத்தினார். 1982இல் நாசாவிலிருந்து ஓய்வு பெற்று, தனியார் ராக்கெட் நிறுவனம் ஒன்றை நடத்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனத்தின் ராக்கெட், தனியார் பொருட்செலவில் விண்வெளியை எட்டிய முதல் ராக்கெட்டாயிற்று. 1993ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், மூளைக் கட்டியால் தமது 69ஆம் வயதில் டெக்சஸ் மாநிலத்தில் காலமானார்.

அவர் பிறந்த ஸ்பார்ட்டா, மிதிவண்டிப் பாதைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரில் அவர் பெயரால் ஓர் அரும்பொருளகம் அமைத்தார்கள். விண்வெளிக்கென ஒரு கட்டடம், மிதிவண்டிக்கென மற்றொரு கட்டடம் என்று அவர்கள் பிரிக்கவில்லை. பழைய மிதிவண்டிகளும், பண்ணைப் பிள்ளையாய்ப் பிறந்து விண்ணுக்குச் சென்று வந்த அம்மனிதரின் நினைவுப் பொருள்களும் அங்கே ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன.